நடுவரப்புக் காய்ச்சல்

பூச்சிமருந்துக் கடையில் வேலை செய்கிறவனைப் பூச்சி கடித்துப் படுக்கையில் போட்டது என்றால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். சிரித்தார்கள். திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் உரக்கடைக்கு வருகிற விவசாயிகள் இன்றும் கேட்கிறார்கள். "இன்னா சேகரு, ஊருக்கெல்லாம் மருந்து குடுக்கற, உன் ஒடம்புக்கு அடிக்க மறந்துட்டியா?" நானும் சேர்ந்து சிரித்துவிட்டு பில் போடுகிறேன். அந்தப் பூச்சி எங்கே வளர்ந்தது என்று மட்டும் அவர்களிடம் சொல்வதில்லை.

உடம்பு தேறி, கடைக்குப் போக ஆரம்பித்து, தூக்கம் ஒழுங்காக வர ஆரம்பித்த பிறகு இதை எழுதுகிறேன். இப்படி ஒரு காய்ச்சல் இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், இதை வாய்விட்டு யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டிய ஆளிடமும் சொல்ல முடியவில்லை.

எங்கள் ஊர் வல்லத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிறது. மல்லாட்டையும் (வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) கேப்பையும் விளைகிற மண். அப்பா போன பிறகு நிலத்தை நானும் அண்ணன் ஏழுமலையும் பாகம் பிரித்துக்கொண்டோம். அண்ணன் என்னைவிட ரொம்ப மூத்தவர். என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். அவர் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஏர் பிடித்ததால்தான் நான் பன்னிரண்டாவது வரை படித்தேன். அப்படிப்பட்டவரோடு ஆறு வருஷம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தேன். காரணம் ஒரு வரப்பு.

பாகம் பிரித்தபோது நிலத்தை அளந்தார்கள், கிணற்றுக்கு முறை வைத்தார்கள், மாட்டைக்கூடப் பிரித்தார்கள். இரண்டு பாகத்துக்கும் நடுவில் இருந்த வரப்பு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. கேட்ட அன்று சண்டை வந்தது. டீக்கடை வாசலில் பத்துப் பேர் பார்க்க அண்ணன் என் மேல் கை ஓங்கினார். "நீ செத்தாக்கூட உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று நான் கத்தினேன். அவர் ஓங்கின கையை இறக்கிக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரே தெருவில் இருந்துகொண்டு நாங்கள் பேசவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தகராறில் இருக்கும் வரப்பில் யாரும் கை வைக்க மாட்டார்கள். ஒரு புல்லைப் பிடுங்கினாலும் "பாத்தியா, கை வெச்சுட்டான்" என்று பஞ்சாயத்துக்கு ஆள் கூப்பிடுவார்கள். அதனால் அண்ணனும் செதுக்கவில்லை, நானும் செதுக்கவில்லை. நாயுருவி முளைத்தது, கோரை மண்டியது, வேலிக்காத்தான் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. நிலம் இரண்டும் சுத்தமாக இருக்கும், நடுவில் மட்டும் ஒரு குட்டிக் காடு. அதில் எலி குடியேறி இந்தப் பக்கம் என் மல்லாட்டையையும் அந்தப் பக்கம் அவர் மல்லாட்டையையும் பாரபட்சம் இல்லாமல் தின்றது. எலி மருந்தை நான் என் கடையில் வாங்கி வைத்தேன். அண்ணன் எதிர்க்கடையில் வாங்கி வைத்தார்.

போன கார்த்திகை மழை விட்டதும் சர்வேயர் அளக்க வருகிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் சொல்லி அனுப்பினார். அளக்க வேண்டுமானால் வரப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும், இரண்டு பேரும் அவரவர் பக்கத்தில் புதரை வெட்டிவிடுங்கள் என்றார். ஒரே நாளில் இரண்டு பேரும் கத்தியோடு இறங்கினோம். நான் என் பக்கம், அவர் அவர் பக்கம். வெயில் ஏறியதும் சட்டையைக் கழற்றிப் புதர் மேலேயே போட்டேன். அவரும் போட்டிருந்தார், நீலச் சட்டை, இலைகளுக்கு நடுவில் தெரிந்தது. வெட்ட வெட்டப் புதர் மெலிந்து, முதலில் அவர் கத்தியின் சத்தம் பக்கத்தில் கேட்டது, பிறகு மூச்சு வாங்குவது கேட்டது, பிறகு முகம் தெரிந்தது. நரைத்துப் போயிருந்தார். நடுவில் இரண்டு மூன்று செடிதான் பாக்கி. அதையும் வெட்டிவிட்டால் நேருக்கு நேர் நிற்க வேண்டும். நான் கத்தியைக் கீழே போட்டுவிட்டு அந்தப் புல்லிலேயே உட்கார்ந்து கூழ் குடித்தேன். அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து பீடி குடித்தார். மிச்சச் செடியை இரண்டு பேருமே வெட்டாமல், சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

ஒரு வாரம், பத்து நாள் போயிருக்கும். சாயங்காலம் கடையில் நிற்கும்போதே குளிர் எடுத்தது. தலைவலி என்றால் சாதாரணத் தலைவலி இல்லை, கண்ணை அசைத்தால் மண்டைக்குள் வலித்தது. உள்ளூர் டாக்டர் ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் இறங்குவதுபோல் இறங்கி மறுபடி ஏறியது. இரத்தப் பரிசோதனையில் டைபாய்டு மாதிரி தெரிகிறது என்றார்கள். இன்னொரு பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருக்கிறது, டெங்குவாகவும் இருக்கலாம் என்றார்கள். தட்டணு என்பது இரத்தம் உறைவதற்கு உதவுகிற துகள், அது பல காய்ச்சலில் குறையும் என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது டெங்கு என்ற வார்த்தையைக் கேட்டதுமே என் மனைவி சுமதி குலசாமிக்குக் காசு முடிந்து வைத்தாள். நடந்தால் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

கிளம்பும் அன்று காலையிலேயே தெருவில் பேச்சு வந்துவிட்டது. அண்ணனுக்கும் காய்ச்சலாம், திண்டிவனத்தில் ஒரு நர்சிங்ஹோமில் சேர்த்திருக்கிறார்களாம். வரப்பில் யாரோ எலுமிச்சம்பழம் வைத்ததாகவும், தம்பி வீட்டில் அண்ணனுக்குச் செய்வினை வைத்தது தம்பிக்கே திரும்பிவிட்டதாகவும் ஒரு கதை. அண்ணி காஞ்சனா அதை நம்பினாராம். சுமதியும் இதே கதையை ஆளை மாற்றிப் போட்டு நம்பிக்கொண்டுதான் இருந்தாள். எனக்கு இருந்த காய்ச்சலில் எதையும் நம்பவும் தெம்பில்லை, நம்பாமல் இருக்கவும் தெம்பில்லை.

ஆஸ்பத்திரியில் காத்திருப்பதே பாதி வியாதி. சீட்டு வாங்க ஒரு வரிசை, இரத்தம் கொடுக்க ஒரு வரிசை, எக்ஸ்ரேக்கு ஒரு வரிசை. சுமதி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒரு அம்மா, எங்களை யாரென்றே தெரியாது, தன் பையில் இருந்த பழைய சேலையை எடுத்து "தரை ஜில்லுனு கீது, இத்தப் போட்டுக்கோ" என்று விரித்துவிட்டுப் போனார். அவர் முகம் ஞாபகம் இல்லை. அந்தச் சேலையின் சோப்பு வாசனை ஞாபகம் இருக்கிறது.

காய்ச்சல் வார்டில் பக்கத்துக் கட்டிலில் மரக்காணம் பக்கத்து மீனவர் ஒருவர் இருந்தார். பெயர் கன்னியப்பன். வலையில் சிக்கிய கெளுத்தி மீனின் முள் காலில் குத்தி, அந்தப் பொத்தல் வழியாகக் கடல் தண்ணீரில் இருந்த கிருமி நுழைந்து கால் யானைக்கால் மாதிரி வீங்கியிருந்தது. வலியிலும் வாய் சும்மா இருக்காது. "ஆயிரம் சுறாவப் பாத்தவன் நானு. ஒரு கெளுத்திக் குஞ்சு என்னப் படுக்க வெச்சுட்டுது பாத்தியா தம்பி" என்றார். உரக்கடையில் வேலை என்று நான் சொன்னதும், எதற்கெல்லாம் என்ன மருந்து என்று கேட்டே என்னை ஒருவழி செய்துவிட்டார்.

மறுநாள் காலையில் வந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். காகிதங்களைப் புரட்டிவிட்டு என்னை உட்காரச் சொல்லி, "கையத் தூக்குங்க" என்றார். கழுத்து, காதுக்குப் பின்னால், தொப்புள், முதுகு எல்லாம் பார்த்தார். வலது அக்குளுக்கு வந்ததும் நின்றார். "இது எப்ப வந்துச்சு?"

எது என்றே எனக்குத் தெரியாது. சுமதி குனிந்து பார்த்தாள். சிகரெட்டால் சுட்ட மாதிரி, மிளகு அளவில் ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலி இல்லை, அரிப்பு இல்லை, அதனால் நான் கவனிக்கவே இல்லை. டாக்டர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. நோயாளியைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற டாக்டரை நான் அன்றுதான் பார்த்தேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் ஸ்க்ரப் டைபஸ், நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். மாட்டில் ஒட்டுகிற உண்ணி இல்லை. புதரிலும் புல்லிலும் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி உண்ணி. அதன் குஞ்சுகள் எலியின் காதுமடலில் ஒட்டி வாழும். நாம் புதரில் உட்கார்ந்தால், சட்டையைச் செடி மேல் போட்டால், நம் மேல் ஏறி அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு என்று மெத்தென்ற இடமாகப் பார்த்துக் கடிக்கும். அதன் எச்சிலோடு ஒரு கிருமி உள்ளே போகும். கடித்த இடம்தான் அந்தக் கறுத்த பொருக்கு. அந்தக் கிருமி இரத்தத்தில் சும்மா மிதக்காது, இரத்தக் குழாயின் உள்சுவரில் இருக்கிற அணுக்களுக்குள்ளேயே புகுந்து குடித்தனம் நடத்தும். அதனால் டைபாய்டுக்குக் கொடுக்கிற ஊசியெல்லாம் அதைத் தொடாது. ஆனால் டாக்ஸிசைக்ளின் என்று ஒரு மாத்திரை இருக்கிறது, முகப்பருவுக்குக்கூடக் கொடுக்கிற சாதாரண மாத்திரை. அதற்குக் கேட்கும். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது, உண்ணி கடித்தால்தான் வரும்.

"இதுக்குத் தனியா ஒரு டெஸ்ட் இருக்கு. அது வர நேரமாகும், ஆரம்பத்துல சில பேருக்குக் காட்டவும் காட்டாது. அதுக்காகக் காத்திருக்க வேணாம், மாத்திரையை இப்பவே ஆரம்பிச்சிடலாம்" என்றார். பிறகு கேட்டார், "புதர்ல வேலை செஞ்சீங்களா?"

"வரப்பு வெட்டினேன் மேடம்."

"கூட யாராவது இருந்தாங்களா?"

"யாரும் இல்ல" என்றேன். ஆறு வருஷப் பழக்கம். கூடப் பிறந்தவர் உண்டா என்று யார் கேட்டாலும் வாய் அதைத்தான் சொல்லும்.

சுமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இவரோட அண்ணன் இருந்தாருங்க" என்றாள். "அவருக்கும் காய்ச்சல் கீதுங்க. திண்டிவனத்துல சேத்துக்கீறாங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "எத்தனை நாளா?"

"இவருக்கு ரெண்டு நாள் முன்னாடியே வந்துட்டுதாம்ங்க."

"உடனே போன் பண்ணிச் சொல்லுங்க. கண்டுபிடிச்சிட்டா ஒண்ணுமே இல்ல, ரெண்டு நாள்ல காய்ச்சல் விட்டுடும். விட்டுட்டோம்னா ரெண்டாவது வாரத்துல நுரையீரல், கிட்னி, மூளைன்னு ஒவ்வொண்ணா போகும். உயிருக்கே ஆபத்து."

அண்ணன் நம்பருக்கு அடித்தேன். போகவில்லை. என் நம்பரை அவர் தடுத்து வைத்து வருஷங்கள் ஆயிற்று. அண்ணி நம்பருக்கு அடித்தேன், மணி அடித்து அடித்து நின்றது. கன்னியப்பன் தன் போனை நீட்டினார். "என் நம்பரு யாருக்கும் தெரியாது தம்பி, இதுல அடி." அண்ணி எடுத்தார். சுமதி "அக்கா, நான் சுமதி" என்று சொன்னதும் வைத்துவிட்டார். மறுபடி அடித்தோம், எடுக்கவில்லை. ஊரில் இரண்டு பேருக்கு அடித்தேன். "உங்க விஷயத்துல நாங்க தலையிட்டா அப்பால எங்களுக்குப் பேஜாரு" என்றார் ஒருவர். சொல்கிறேன் என்றார் இன்னொருவர், அவர் சொல்லவில்லை. நர்சிங்ஹோம் பெயரும் எங்களுக்குத் தெரியவில்லை. அண்ணன் எந்த ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்பதே தெரியாத தம்பி நான்.

சுமதி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். "நான் போய்க்கினு வர்றேன்" என்றாள். "எங்கன்னு தேடுவ?" என்றேன். "திண்டிவனம் இன்னா மெட்ராசா? ஒண்ணொண்ணா ஏறி எறங்கிப் பாக்கறேன்." எனக்குக் கஞ்சி வாங்கிக் கொடுக்கும் பொறுப்பைக் கன்னியப்பன் மனைவியிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

அங்கே நடந்ததை அவள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்றாவதாக ஏறிய நர்சிங்ஹோமில் மாடியில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். சுமதியைப் பார்த்ததும், "பாக்க வந்துட்டியா? நல்லாப் பாத்துட்டுப் போ. நீங்க நெனச்சது நடந்துக்கினு கீது" என்றார். சுமதிக்கும் வாய் உண்டு, ஆறு வருஷத்தில் பதில் சொல்லாமல் விட்டதே இல்லை. அன்று மட்டும், "அக்கா, என்ன அப்பால எவ்ளோ வேணா திட்டுங்க. மாமா ஒடம்புல கறுப்பா ஒரு புண்ணு கீதானு மட்டும் பாருங்க" என்றாள்.

"புண்ணுலாம் இல்ல. இடுப்புல அக்கி, எழுதிக் கீது."

எங்கள் பக்கத்தில் தோலில் அக்கி வந்தால் டாக்டரிடம் போக மாட்டோம், மண்பாண்டம் செய்கிறவரிடம் போவோம். அவர் செங்காவியைக் குழைத்து அதன் மேல் எழுதிவிடுவார். எழுதினதைக் கழுவக் கூடாது, அதுவாக உதிர வேண்டும். காய்ச்சல் வருவதற்கு முன்பே அண்ணன் அரைஞாண் கயிற்றுக்குக் கீழே சிவப்பாக ஏதோ இருக்கிறது என்று காட்டியிருக்கிறார். கயிறு உரசி அக்கி வந்திருக்கிறது என்று அண்ணி அழைத்துப் போய் எழுதிவிட்டிருக்கிறார். நர்சிங்ஹோம் டாக்டரும் காவியைப் பார்த்தவர்தான். அவரும் இந்தப் பக்கத்துக்காரர், அக்கி என்றால் அக்கிதான் என்று விட்டுவிட்டார். யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"அத்தக் கொஞ்சம் தொடச்சுப் பாருங்கக்கா" என்று சுமதி கேட்டிருக்கிறாள். அண்ணி முறைத்தபடி நின்றாராம். காவியை அழித்தால் அக்கி உடம்பெல்லாம் பரவும் என்பார்கள். அதுவும் பகையாளி வீட்டிலிருந்து வந்தவள் அழிக்கச் சொல்கிறாள். சுமதி அழுதுவிட்டாள். "அவருக்கும் இதே காய்ச்சலுக்கா. அக்குள்ள இதே மாதிரி கீது. சத்தியமா சொல்றேன், என் தாலி மேல சத்தியமா." அண்ணி முந்தானையைத் தண்ணீரில் நனைத்துத் தானே துடைத்தார். சிவப்பெல்லாம் போன பிறகு அடியில் மிளகு அளவில் கறுத்த பொருக்கு இருந்தது.

டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டு மாத்திரையை மாற்றினார். ஆனால் அண்ணனுக்கு அப்போதே பேச்சு குழறிக்கொண்டிருந்தது. மூச்சு விடுவதற்குத் தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது. எங்களால் இதற்கு மேல் இங்கே பார்க்க முடியாது, ஜல்தியாக விழுப்புரம் கொண்டுபோங்கள் என்று 108-க்குச் சொன்னார்கள். விழுப்புரத்தில் நான் இருக்கிறேன் என்பதால்தான் அண்ணி அண்ணனைத் திண்டிவனத்திலேயே வைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அந்த ஆம்புலன்சில் அண்ணன் தலைமாட்டில் அண்ணியும் கால்மாட்டில் சுமதியும் உட்கார்ந்து வந்தார்கள்.

எனக்கு மாத்திரை போட்ட இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. வேர்த்துக் கொட்டி, பசி எடுத்து, சுமதி கொண்டுவந்த கேப்பைக் கூழை இரண்டு டம்ளர் குடித்தேன். மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் அண்ணன் வாயில் குழாயோடு கிடந்தார். செயற்கை சுவாசம் என்றால், அவருக்குப் பதிலாக ஒரு இயந்திரம் மூச்சு விடுகிறது என்று அர்த்தம். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது, மூளையைச் சுற்றி வீக்கம் இருக்கிறது என்று டாக்டர்கள் சொன்னார்கள். பிழைப்பாரா என்று கேட்டேன். "மருந்து போயிட்டு இருக்கு. கொஞ்சம் லேட்டாப் போயிருக்கு. பார்ப்போம்" என்றார் அந்தச் சின்ன டாக்டர். ஒரே உண்ணிக் கூட்டம், ஒரே நாள், ஒரே மருந்து. எனக்கு முந்திக் கிடைத்தது, அவருக்குப் பிந்திக் கிடைத்தது. அந்த வித்தியாசத்துக்குக் காரணம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு போன் போகவில்லை என்பதுதான்.

என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். நான் போகவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், இரும்பு நாற்காலி வரிசையின் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அண்ணி. நடுவில் காலி நாற்காலிகள். முதல் நாள் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. சுமதி மட்டும் இரண்டு கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். கன்னியப்பன் வீங்கின காலை இழுத்துக்கொண்டு ஒருமுறை மேலே வந்து அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா இது, கெளுத்தி முள்ளக்கூடப் புடுங்கிட்டாங்க எனக்கு" என்று முனகிவிட்டுப் போனார். இரண்டாம் நாள் காலையில் அண்ணி எழுந்து வந்து, இட்லிப் பொட்டலத்தை என் மடியில் வைத்து, "துண்ணு. மாத்தரை போடணும்ல" என்றார். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அதுதான். அவர் அங்கேயே நின்று நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். இவர் கண்ணைத் திறந்தால் முதலில் போய் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். வரப்பை எடுத்துக்கோண்ணா, நிலத்தையே எடுத்துக்கோ, அன்றைக்கு டீக்கடை வாசலில் சொன்ன வார்த்தையை மட்டும் மறந்துவிடு என்று சொல்ல வேண்டும். எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். குலசாமியிடம் வேண்டிக்கொண்டதும் அதையேதான், அதைச் சொல்கிற வரைக்கும் இவரை விட்டுவை என்று.

இதைப் படிக்கிறவர்களுக்கு நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். புதரிலும் புல்லிலும் வேலை செய்தால் சட்டையைச் செடி மேல் போடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் தேய்த்துக் குளித்து, போட்டிருந்த துணியை வெந்நீரில் அலசுங்கள். காய்ச்சல் விடாமல் அடித்தால் வெட்கப்படாமல் உடம்பு முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள். காவி பூசியிருந்தால் துடைத்துவிட்டுக் காட்டுங்கள். கூட வேலை செய்தவர்களிடம் சொல்லுங்கள், பேசாதவர்களாக இருந்தாலும் சொல்லுங்கள்.

அண்ணன் பிழைத்தார். குழாயை எடுத்தார்கள், சிறுநீர் ஒழுங்காகப் போனது, ஒருநாள் அண்ணியைப் பார்த்துக் கண்ணீர் விட்டார். சாதாரண வார்டுக்கு மாற்றிய அன்று அண்ணி பிளாஸ்கை என் கையில் கொடுத்து, "நீ போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

உள்ளே போனேன். அண்ணன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், அப்பாவைப் பார்த்த மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நான் உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னேன். பாடம் பண்ணி வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. "தப்பு என்னோடதுண்ணா. என்ன மன்னிச்சிருண்ணா" என்று மட்டும்தான் வந்தது.

அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார். "இன்னாடா? கேக்கல. காதுல கொய்யினு கீது. ஒண்ணுமே கேக்கல."

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு குனிந்தார். "இன்னா? பலமா சொல்லு!"

எதிர்க்கட்டில்காரர், அவர் மனைவி, ஊசி போட வந்த நர்ஸ், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதைக் கத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டீக்கடை வாசலில் பத்துப் பேர் நடுவில் அந்த வார்த்தையைக் கத்த முடிந்தது. இதைக் கத்த முடியவில்லை. பிளாஸ்கைத் தூக்கிக் காட்டினேன்.

"காப்பிண்ணா! காப்பி குடிக்கிறியான்னு கேட்டேன்!"

"ம். ஊத்து" என்றார்.

இந்தக் கிருமி காது நரம்பையும் தொடும், நிறைய பேருக்குச் சில வாரத்தில் சரியாகிவிடும், சில பேருக்கு ஆகாது என்று காது டாக்டர் சொன்னார். அண்ணனுக்கு இடது காது அப்படியே போய்விட்டது. வலது காதில் பக்கத்தில் நின்று கத்தினால் கொஞ்சம் விழும். மிஷின் வைத்துப் பார்த்தோம், இரைச்சல்தான் கேட்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். எழுதிக் காட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவர் எழுத்துக் கூட்டி, சத்தம் போட்டுத்தான் படிப்பார். இப்போது அவர் சத்தம் அவருக்கே தெரியாததால் தெருக்கோடிக்குக் கேட்கும்.

தினமும் சாயங்காலம் என் வீட்டுக்கு வருகிறார். மழை, மல்லாட்டை விலை, மாட்டுக்கு வந்த கழிச்சல் என்று ஆறு வருஷத்துக்கும் சேர்த்துப் பேசுகிறார். நான் தலையை ஆட்டுகிறேன், கையைக் காட்டுகிறேன். நேற்று வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"ஆஸ்பத்திரில அன்னைக்கி நீ இன்னாமோ சொன்னியே. அழுதுக்கினே சொன்ன. இன்னாடா அது?"

உள்ளே சுமதி பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது எனக்குக் கேட்டது. தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன், மூடினேன். டம்ளர் பிடிக்கிற மாதிரிக் கையை வாயருகே கொண்டுபோய்க் காட்டினேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, போடச் சொல்லு. சக்கர கம்மியா" என்றார்.